வாயை விட்டவன்

சீனிக்கிழங்கு திருடினேன் என்று என்மேல் பழி போட்டவள் மலையம்மாள். எனக்குச் சின்னம்மா முறை. முறை இருந்து என்ன, அவள் வாய்க்கு முறை தெரியாது. காலையில் நான் கம்பங்கூழைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் வந்து நின்று தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தாள். அவளுடைய கிழங்குக் கொல்லையில் பாதியைக் காணோமாம். ஈர மண்ணில் வரிசையாகக் குழி குழியாகக் கிடக்கிறதாம், கட்டையை ஊன்றி நடந்த மாதிரி. இந்த ஊரில் கட்டை ஊன்றி நடக்கிறவன் வேறு எவன் இருக்கிறான் என்று கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கக்கத்துக் கட்டை வைத்து நடக்கிறவன் ஊரில் நான் ஒருவன்தான். இடது கால் எனக்கு முழங்காலோடு சரி. அது வெள்ளைக்காரன் சர்க்கார் எங்கள் சாதியில் ஆண்பிள்ளை ஒருவன் பாக்கியில்லாமல் கைரேகை உருட்டி வைத்திருந்த காலம். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். திருடன் பட்டம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதைச் சர்க்கார் சொல்வது வேறு, சின்னம்மா சொல்வது வேறு. கைரேகை போதாதென்று இவள் இப்போது கட்டைரேகை எடுக்க வந்திருக்கிறாள் என்று கத்திவிட்டு, கூழைக் கீழே வைத்தேன். இரண்டு கட்டைகளையும் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு அவள் கொல்லைக்கே கிளம்பினேன். பின்னால் என் பெண்டாட்டி ஒச்சாயி ஓடிவந்தாள். எனக்காகப் பேச வந்தாளா, நான் யாரையாவது கட்டையால் போட்டுவிடுவேன் என்று பயந்து வந்தாளா தெரியாது.

கொல்லை கண்மாய்க் கரைக்குக் கீழே இருந்தது. வேடிக்கை பார்க்கப் பாதித் தெரு கூட வந்துவிட்டது. குழிகளைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்படியே என் கட்டை பதிந்த மாதிரிதான் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து கிட்டத்தில் பார்த்தேன். என் கட்டைக் குழி அடியில் தட்டையாக இருக்கும். இது கூம்பி இருந்தது. குழிக்கு முன்னும் பின்னும் பிளந்த குளம்பு பதிந்திருந்தது. பின்னங்கால் இரண்டு, முன்னங்கால் ஒன்று. வலது முன்னங்கால் பதிய வேண்டிய இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் அந்தக் குழி இருந்தது. பக்கத்தில் என் கட்டையை ஊன்றிக் காட்டி, கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எங்களோடு வேட்டைக்கு வரும் சுருளி குனிந்து பார்த்துவிட்டு, "அட, அந்தப் பன்னி சாகலையா?" என்றான்.

போன வருஷம் இதே மலையம்மாள் கொல்லையில் கம்பிக் கண்ணி வைத்திருந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கண்ணியில் ஒரு முன்னங்கால் குளம்பு மட்டும் தொங்கியது. ஒரு பெட்டைப் பன்றி தன் காலை அறுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. ரத்தத் தடம் நாகமலைப் பக்கம் போயிற்று. சீழ் வைத்துச் செத்துவிடும், வட்டமிடும் கழுகைப் பார்த்துப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். கழுகு வட்டமிடவே இல்லை. அதற்கப்புறம் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மலையம்மாள் என்னிடம் மன்னிப்பு கேட்பாள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியாது. தடத்தைப் பார்த்தாள், என் ஒற்றைக் காலையும் இரண்டு கட்டைகளையும் பார்த்தாள்.

"அப்ப இது அந்த முக்காலி வேல. இந்த முக்காலி இல்ல" என்றாள்.

கொல்லையே சிரித்தது. ஒச்சாயிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்தாள். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. பன்றிக்கு மூன்று கால், எனக்கு ஒரு காலும் இரண்டு கட்டையும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கண்மாய்க் கரையில் நான் போனால், முக்காலி வருது, உட்கார்ந்து இளைப்பாறலாம் என்பார்கள். அந்தப் பன்றியைக் கண்ணால் பார்க்காமலே எனக்கு அதன்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அது திருடும், பழி எனக்கு வரும். அது நொண்டும், பெயர் எனக்கு வரும். அதைக் கொன்றால்தான் எனக்கு விமோசனம் என்று மனதில் முடிவு செய்துகொண்டேன்.

கால் போன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விருமாண்டி தோட்டத்தில் கிணறு வெட்டினோம். விருமாண்டி ஒச்சாயிக்கு அண்ணன், எனக்கு மைத்துனன். நானும் அவனும் ஒரு வயது, ஒன்றாக மண்ணில் புரண்டவர்கள். பாறைக்கு வைத்த வெடி ஒன்று வெடிக்கவில்லை. அணைந்துவிட்டது என்று நினைத்து நான் இறங்கினேன். அது அணையவில்லை. வண்டியில் போட்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது கால் பாதி இல்லை.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாவம் பாவம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் துளசிராம் என்று ஒரு சௌராஷ்டிரக்காரர், சாயப்பட்டறைக்காரர், கொதிசாயம் கொட்டிக் கை வெந்து கிடந்தார். சம்சாரத்திடம் பகலெல்லாம் அவர்கள் பாஷையில் பேசிவிட்டு, பேசியதை எனக்குத் தமிழில் சொல்வார். அவர் ஒருவர்தான் பாவம் என்று சொல்லாதவர். இனிமேல் உங்களுக்குச் செருப்புக்கடைக்காரன் ஒற்றைச் செருப்பு கொடுப்பானா மாட்டானா என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டார். கால் போனபின் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ஊருக்குக் கிளம்பும்போது கக்கத்துக் கட்டையின் தலைப்பில் சுற்றிக்கொள்ளச் சுங்குடித் துணி ஒன்று கொடுத்தார்.

ஊருக்கு வந்தால் விருமாண்டி வேறு ஆளாக இருந்தான். அதுவரைக்கும் அவன் என்னை ஒரு வசவு இல்லாமல் கூப்பிட்டதே கிடையாது. கண்மாய் மடையில் தண்ணீர் திறப்பதிலிருந்து நாய்க்குட்டி பங்கு போடுவதுவரை எங்களுக்குள் சண்டைதான். ஒரு நாள் சண்டை இல்லாவிட்டால் உடம்புக்கு முடியவில்லையா என்று ஒச்சாயி கேட்பாள். அவன் இப்போது என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டான். "சாப்பிட்டியா மாப்ள" என்று மெதுவாகக் கேட்டான். நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாலும் சரி சரி என்று போய்விட்டான். அவன் கிணற்றில் போன கால் என்ற நினைப்பு அவனை அரித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கால் போன துக்கம் ஒரு பங்கு என்றால், என்னைத் திட்ட ஆள் போன துக்கம் இன்னொரு பங்கு.

இதெல்லாம் வேட்டையில்தான் கொண்டுபோய் விட்டது. மாசிச் சிவராத்திரி முடிந்ததும் எங்களூரில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து நாகமலையில் வேட்டைக்குப் போவோம். அதற்கு விருமாண்டிதான் தலைவன். கிடைத்த கறியைக் கண்மாய்க் கரையில் கூறு போடுவார்கள். போனவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பங்கு, சமமாக. அதற்கும் முன்னால் கைம்பெண்களுக்கும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். அதற்குத் தருமப் பங்கு என்று பெயர். கால் போன வருஷம் அந்தத் தருமப் பங்கு என் வீட்டுக்கு வந்தது. மறு வருஷமும் வந்தது. பனையோலைப் பட்டையில் நல்ல தொடைக்கறியாகப் பார்த்து விருமாண்டியே கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

நான் அதைத் தொடவில்லை. பதினைந்து வயதிலிருந்து ஈட்டி பிடித்துப் பங்கு வாங்கியவன் நான். ஒச்சாயி குழம்பு வைத்துத் தின்றாள். "கறிக்கு என்னய்யா தெரியும், தருமமா சொந்தமான்னு. கொதிச்சா எல்லாம் ஒரே வாசந்தான்" என்றாள். அவள் தின்று முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசம் வேறு ஆளைக் கொன்றது.

கிழங்குப் பழி வந்த அந்த வருஷம் என்ன ஆனாலும் என் பங்கை நானே வாங்குவது, அதுவும் அந்த முக்காலியைக் குத்தி வாங்குவது என்று தீர்மானித்தேன். வேட்டைக்கு இடம் பிரிக்கும் நாளில் வேப்பமரத்தடிக்குப் போனேன். எங்கள் வேட்டையில் பாதிப்பேர் மலைமேல் ஏறித் தப்படித்துக் கத்தி மிருகத்தைக் கலைப்பார்கள். மீதிப்பேர் அது இறங்கி ஓடிவரும் வழிகளில் ஈட்டியோடு நிற்பார்கள். அந்த வழிக்கு வாய் என்று பெயர். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஆள். தன் வாயில் வந்த மிருகத்தைக் குத்தாமல் போக விட்டால், அவனுக்கு அன்று பங்கு கிடையாது. குத்தித் தப்பினால் குற்றமில்லை, குத்தாமல் விட்டால் குற்றம். அது அப்பன் பாட்டன் காலத்து விதி.

"கலைக்கத்தான் காலு வேணும் மச்சான். நிக்கிறதுக்கு எதுக்கு? எனக்கு ஒரு வாய் குடு" என்றேன்.

"இருக்குற வாயவே ஊரு தாங்கல, இன்னொண்ணு வேறயா?" என்றான் சுருளி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விருமாண்டி மட்டும் சிரிக்கவில்லை. பழைய விருமாண்டியாக இருந்தால் இதற்குமேல் பத்து சொல்லியிருப்பான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, நரிப்பள்ளத்தில் நின்றுகொள்ளட்டும் என்றான். எனக்குச் சுருக்கென்றது. நரிப்பள்ளம் மலையைச் சுற்றிக்கொண்டு சாய்வாக இறங்கும் நீளமான வழி. அதில் எந்தக் காலத்திலும் எதுவும் வந்ததில்லை. உயிருக்குப் பயந்து ஓடும் பன்றி செங்குத்தாக விழும் ஓடைகளில்தான் உருண்டு இறங்கும். குழந்தை அழாமல் இருக்கக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல எனக்கு ஒரு வாய் கொடுத்திருக்கிறார்கள். மறுத்தால் அதுவும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கட்டையும் வைத்துக்கொண்டு ஈட்டியும் பிடிக்க முடியாது. எனவே வீட்டுப் பின்சுவரில் முதுகைச் சாய்த்து, கட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று ஈட்டியை இரண்டு கையிலும் பிடித்துப் பழகினேன். ஈட்டிக் கம்பின் அடி சுவரில் முட்டி நிற்க வேண்டும். பாய்ந்துவரும் பன்றியின் கனமே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆரம்பத்தில் அடிக்கடி விழுந்தேன். சுவரைப் பெயர்த்துவிட்டால் பூசித் தருவது யார் என்று ஒச்சாயி உள்ளேயிருந்து கேட்பாள். கேட்டுவிட்டு, நான் விழுகிற இடத்தில் வைக்கோலைப் பரப்பிவிட்டுப் போவாள்.

வேட்டையன்று மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பினேன். ஈட்டியை முதுகில் குறுக்காகக் கட்டிக்கொண்டேன். ஓடை வழியாகப் போனால் கிட்டம், ஆனால் அந்தப் பாறைகளில் கட்டை நிற்காது. சுற்றுப்பாதையில் ஏறினேன். சுருளி ஈட்டியையாவது தூக்கி வருகிறேன் என்றான், விரட்டிவிட்டேன். கக்கத்தில் தோல் உரிந்து சட்டை நனைந்துவிட்டது. ஒரு சப்பட்டைப் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பாதை நரிப்பள்ளத்தின் மேல்பக்கம் போய்ச் சேர்ந்தது; அங்கிருந்து என் இடத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், குறுக்கே மழைநீர் அரித்த ஒரு பள்ளம். அதைத் தாண்டக் கட்டைகளை முதலில் எறிந்துவிட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து நகர்ந்தேன். அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

என் இடம் ஒரு உயரமான பாறை. பாறைக்கும் சூரைமுள் புதருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் சந்து. சாய்வில் இறங்கி வருவது எதுவானாலும் அதில்தான் போக வேண்டும். பாறையில் முதுகைக் கொடுத்து, ஈட்டியைச் சந்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றேன்.

வெயில் ஏறியதும் மேலே தப்புச் சத்தம் கேட்டது. நாய்கள் குரைத்தன. ஓடைப் பக்கம் திடீரென்று கூச்சல் எழுந்து, ஏதோ விழுந்துவிட்டது என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கூச்சல். எனக்கு வயிறு எரிந்தது. என் பக்கம் ஓணான்கூட வரவில்லை. கூச்சல் அடங்கி, நாய்ச் சத்தமும் தூரமாகப் போய்விட்டது. இந்த வருஷமும் தருமப் பங்குதான் என்று நினைத்தபோது மேலே கல் உருண்டது.

சாய்வில் அது வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை. பின்னங்கால் இரண்டையும் உந்தி, முன்னங்கால் ஒன்றில் விழுந்து, அடுத்த அடிக்கு முன்னால் மூக்கைத் தரையில் ஊன்றியது. அறுந்த கால் கட்டைவிரல் மாதிரி மொட்டையாக இருந்தது. மெத்தென்ற மண்ணில் அதை ஊன்றியது, கல்லில் பட்டால் மேலே மடக்கிக்கொண்டது. மூக்குதான் அதற்குக் கக்கத்துக் கட்டை. இரண்டு கட்டைக்குப் பதிலாக ஒன்று. பின்னால் கோடு போட்ட குட்டிகள் நாலைந்து ஒட்டிக்கொண்டு வந்தன.

காலையில் நான் உட்கார்ந்து நகர்ந்து தாண்டிய அந்த மழைப்பள்ளத்துக்கு வந்ததும் நின்றது. நான் எங்கே நின்றேனோ அங்கேயே நின்றது. குட்டிகள் துள்ளித் தாண்டிவிட்டன. அது இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு மார்பைத் தரையில் வைத்துச் சறுக்கி இறங்கி, பின்னங்காலால் தன்னைத் தானே தள்ளிக் கரையேறியது. ஏறி நின்று உடம்பு முழுக்க மூச்சு வாங்கியது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நரிப்பள்ளத்தில் எதுவும் வராது என்று சொன்னவர்கள் எல்லோரும் நாலு கால் பன்றியை வைத்துச் சொன்னவர்கள். செங்குத்தில் உருள இதனால் முடியாது, அந்தப் பாறைகளில் ஏற என்னால் முடியாது. மலையில் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே வழி. இதை முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டியவன் உலகத்தில் நான் ஒருவன்தான், எனக்கே தோன்றவில்லை.

சந்துக்கு வந்ததும் என்னைப் பார்த்துவிட்டது. ஈட்டி முனைக்கும் அதன் மார்புக்கும் ஒரு முழம் இருக்கும். குட்டியோடு இருக்கும் பன்றி பாயும் என்று பிடியை இறுக்கினேன். அது பாயவில்லை. பாய்ந்தால் கீழே விழுந்துவிடுவோம் என்று அதற்குத் தெரியும். ஒரு அடி முன்னால் வைத்து, குட்டிகளுக்கும் எனக்கும் நடுவில் உடம்பைக் குறுக்காகக் கொடுத்துக்கொண்டு நின்றது. நடுங்கியது. பயத்தில் இல்லை. மூன்று காலில் நிற்கிறவர்களுக்கு நின்றால்தான் நடுக்கம் வரும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, என் வலது தொடை அந்த நேரத்தில் அப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.

குத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். பங்கு, பட்டம், மலையம்மாள் எல்லாம் ஞாபகம் இருந்தது. கை வரவில்லை. பாவம் என்று நினைத்து விட்டேன் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அந்தச் சொல் எனக்குச் செய்ததை நான் அதற்குச் செய்ய மாட்டேன். அந்தச் சாய்வில் காலில்லாமல் வருவதற்கு எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும். காலையில் நான் ஒற்றை ஆளாக வந்ததற்கே என்னை நானே மெச்சிக்கொண்டேன். இது குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, பின்னால் நாய் துரத்த, ஒரு வருஷமாக இப்படி வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

ஈட்டியைத் தூக்கிப் பாறையில் சாத்தினேன். பாறையோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டேன். அது கொஞ்ச நேரம் நம்பவில்லை. பிறகு குட்டிகளை முன்னால் விட்டு, மூக்கை ஊன்றி ஊன்றி என்னைக் கடந்து போயிற்று. அதன் பிடரிமயிர் என் வேட்டியில் உரசியது. சேற்று வாடை அடித்தது. புதர் மறைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலைத்தவர்கள் தடம் பார்த்துக்கொண்டு நரிப்பள்ளம் வழியாகவே இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த சுருளி, தடம் என் பாறையை ஒட்டிப் போயிருப்பதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண்மாய்க் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓடையில் விழுந்த இரண்டு கிடாப் பன்றிகளையும் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். சுருளி விருமாண்டியின் காதில் சொன்னான். அது எப்படியோ எல்லோருக்கும் பரவிவிட்டது.

ஆளாளுக்கு எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்கள். காலில்லாதவன் என்ன செய்வான், சுதாரிப்பதற்குள் ஓடியிருக்கும் என்றார் ஒருவர். குத்தியிருப்பான், ஈட்டி நழுவியிருக்கும் என்றார் இன்னொருவர். அவனுக்கெல்லாம் விதி பார்க்கக் கூடாது, பாவம் என்றார் ஒரு பெரியவர். விருமாண்டி ஒரு பனையோலைப் பட்டையை எடுத்து, நல்ல கறியாகப் பொறுக்கிப் போட்டு என் பக்கம் நீட்டினான். வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் வாங்கவில்லை.

"அது ஓடல மச்சான். என் முன்னாடி வந்து நின்னுச்சு. ஈட்டி என் கையில இருந்துச்சு. நாந்தான் வழி விட்டேன்" என்றேன்.

வலியில் உளறுகிறான் என்று பெரியவர் சமாளிக்கப் பார்த்தார். நான் அவரை விட்டுவிட்டு விருமாண்டியைப் பார்த்தேன்.

"சுருளி விட்ருந்தா என்ன செய்வ? அதச் செய்யி" என்றேன்.

விருமாண்டி தலையைத் தூக்கினான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் பார்த்தன. கையிலிருந்த பட்டையைக் கூறோடு கூறாகப் போட்டான்.

"கூறுகெட்ட பயலே" என்று ஆரம்பித்தான். "ஒனக்கு வாய் குடுத்தேன் பாரு, என்னயச் செருப்பால அடிக்கணும். விடியுமுன்ன இருந்து ஊர்ப்பய பூராம் முள்ளுல விழுந்து எந்திரிச்சு, தொண்ட கிழியக் கத்திக் கலைச்சு விட்டா, நீ அங்க நின்னு வெத்தல பாக்கு வச்சு வழியனுப்பிட்டு வாரியா? அது ஒனக்கு மாமியாரா? கெணத்துல எறங்காதடா, பொறுடான்னு நான் கத்துனப்பவும் கேக்கல. என்னைக்குடா நீ அடுத்தவன் சொல்லுக் கேட்ருக்க? மாடு கேக்கும், கழுத கேக்கும், நீ கேக்க மாட்ட."

நிறுத்தாமல் திட்டினான். சின்ன வயதில் நான் அவன் காடையை அவிழ்த்துவிட்டதில் ஆரம்பித்து ஒன்றையும் விடவில்லை. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் வந்தது. நடுவில் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி திட்டினான். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னான்:

"வாய விட்டவனுக்குப் பங்கில்ல. இவனுக்கு இன்னைக்குப் பங்கு கெடையாது. தருமப் பங்கும் கெடையாது, அது ஏலாதவுகளுக்கு. அடுத்த வருசம் அதே பள்ளத்துல மொத ஆளா வந்து நிக்கணும். நிக்கலைன்னா வீட்டு வாசல்ல வந்து கேப்பேன்."

"வந்து கேளு பாப்பம்" என்றேன் நான்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் கறி வாசம். ஒச்சாயி மசாலா அரைத்து வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள். என் முதுகில் ஈட்டி இருந்தது, கையில் பட்டை இல்லை. பங்கு எங்கே என்று கேட்டாள். உன் அண்ணன் இல்லை என்றுவிட்டான் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். பன்றி வந்தது, நின்றது, நான் விட்டது. அவள் அதையெல்லாம் காதில் வாங்கினாளோ இல்லையோ தெரியவில்லை.

"எங்கண்ணன் திட்டுனானா?" என்றாள்.

"திட்டுனான்."

"ஊருக்கு முன்னாடியா?"

"ஊருக்கு முன்னாடிதான். கழுதைக்கும் கீழ போட்டுட்டான்."

அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் பக்கமும் போக முடியாமல் அண்ணன் பக்கமும் போக முடியாமல் இரண்டு வருஷமாக அவளும்தான் நடுவில் கிடந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, கட்டைகளை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"என்னென்ன சொல்லித் திட்டுனான்?" என்றாள். "ஒண்ணு விடாமச் சொல்லு."